தெரியாமல் சொன்னதே வாக்கு

தன்னை உயிரோடு வைத்திருக்கும் இயந்திரத்தை மூடிவிடலாம் என்று தானே வாக்களித்திருக்கும் விவரம், பிரமநாயகத்துக்கு அந்த இயந்திரத்தோடு இரண்டு குழாய்களால் பிணைக்கப்பட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் தெரியவந்தது.

அறிவிப்பு அன்று காலை சுவர்த்திரையில் வந்திருந்தது. உப்பரைத்துறை ஏழாம் வட்ட அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவை மூடிவிட்டு, நோயாளிகளை மாவட்டத் தலைநகருக்கு மாற்றலாமா என்று வட்டத்து மக்களின் வாக்கு எண்ணப்பட்டு வருகிறது. இன்றைய நிலவரப்படி மூடலாம் என்பவர்கள் நூற்றுக்கு எண்பத்தொன்று. கணக்கு ஞாயிறு மாலை முடியும்.

"எவம்ல இத மூடச் சொன்னவன்?" என்று பிரமநாயகம் நாற்காலியில் இருந்தபடியே கத்தினார். பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். குரல் எப்போதும் இன்ஜின் சத்தத்துக்கு மேல்தான் இருக்கும். "நூத்துக்கு எம்பத்தொண்ணு பேரு சொல்லிருக்கானாம்லா! வெளங்குவானுவளா? அங்க போவ பஸ்ஸுல மூணு மணி நேரம். வாரத்துல மூணு தடவ போயி வாரதுக்குப் பேசாம மேலயே போயிரலாம்."

"கைய ஆட்டாதிய அண்ணாச்சி, ஊசி வெலகிரும்," என்றாள் நர்ஸ் ஸ்டெல்லா. "மொதல்ல உங்க ஓட்டு எதுலன்னு கேட்டியளா?"

"எனக்குத் தெரியாதாக்கும்," என்று சொல்லிக்கொண்டே அவர் காதின் பின்புறத்தைத் தொட்டு, "என் வாக்கு?" என்றார். அங்கே ஒட்டியிருந்த வாக்குச்செவி அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது: மூடலாம். உறுதி, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

மனிதர் செவியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்து, "ஏட்டி ஆவுடை, இந்தச் சவம் என்னமோ ஒளறுது," என்றார்.

பத்து நாற்காலிகளிலும் கைகள் காதுக்குப் போயின. மூன்றாம் நாற்காலியில் பிரமநாயகம், நான்காம் நாற்காலியில் தங்கபாண்டி, அவருக்குத் துணையாக வந்த மனைவி செல்லக்கனி, எல்லோருக்கும் ஒரே பதில். சிரித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா கடைசியாகத் தன் காதைத் தொட்டாள். பிறகு கையிலிருந்த பஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எனக்கும் அதேதான் சொல்லுது," என்றாள்.

ஆவுடைச்செல்வி தன் காதைத் தொடவில்லை. அது என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வாக்குச்செவி புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். பதினெட்டு வயது நிறைந்ததும் ஒட்டிவிடுவார்கள். சாகும்வரை கூடவே வரும். நாள் முழுக்க ஆள் பேசுவதைக் கேட்கும். கேட்டதை யாரிடமும் போட்டுக்கொடுக்காது. பேச்சிலிருக்கும் விருப்பையும் வெறுப்பையும் மட்டும் எடைபோட்டுத் தலைநகரிலுள்ள கருத்துக்கூட்டி என்ற கணினிக்கு அனுப்பும்; அதுவே அந்த ஆளின் வாக்கு. ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை வரிசையில் நின்று ஒரு பொத்தானை அழுத்துவதா குடியாட்சி என்று கேட்டுத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். வந்த புதிதில் ஊரெல்லாம் கொண்டாட்டம். ஒலிபெருக்கி போயிற்று, சுவரொட்டி போயிற்று. வாக்குக்குப் பணம் கொடுப்பதும் ஒழிந்தது. எந்தப் பேச்சு எண்ணப்படும் என்று கொடுக்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது.

கட்சிகள் சும்மா இருக்குமா? முதல் ஆண்டிலேயே தெருத்தெருவாக ஆட்களைக் கூட்டி ஒரே வாசகத்தை நூறு தடவை சொல்லவைத்தன. அதன்பிறகு ஒப்பிப்பு வடிகட்டி வந்தது. வாக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பேசும்போது மனிதனின் நாடியும் மூச்சும் ஓர் இம்மியாவது மாறும். செவி அதைப் பிடித்துவிடும். அப்படிப்பட்ட பேச்சுக்கு எடை பூஜ்யம். தன்னை மறந்து, வாய் தவறி, வீட்டுக்குள் புலம்புவது போலப் பேசுவதே மெய்யான வாக்கு என்று சட்டம் ஆயிற்று.

இதற்கெல்லாம் வித்துப் போட்டவள் ஆவுடைச்செல்விதான் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான். அவள் இளம் வக்கீலாக இருந்தபோது உப்பளத் தொழிலாளர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து கூட்டம் கூட்டமாக நீக்கினார்கள். உப்பில் வேலை செய்து விரல் தேய்ந்துபோனவர்களிடம் கைரேகை பொருந்தவில்லை என்று காரணம் சொன்னார்கள். வாக்கும் ஒரு பேச்சு, பட்டியலிலிருந்து ஒருவன் பெயரை எடுப்பது அவன் வாயைத் தைப்பதற்குச் சமம் என்று அவள் வாதாடினாள். அதை அப்படியே ஏற்றுத் தீர்ப்பு வந்தது. "எந்தக் கையும், அது யாருடைய கையானாலும், ஒரு குடிமகனின் வாயைப் பொத்தக் கூடாது" என்ற வரி அவளுடைய வாதத்திலிருந்து எடுத்ததுதான். நீக்கப்பட்ட பெயர்கள் எல்லாம் திரும்பின. உப்பரைத்துறை மக்கள் அவளை மாலை போட்டுத் தெருவில் நடத்தி வந்தார்கள்.

சில வருடம் கழித்து அரசாங்கம் அதே தீர்ப்பைத் திருப்பிப் பிடித்தது. வாக்கு பேச்சென்றால் பேச்சும் வாக்குதானே? அதை ஏன் எண்ணாமல் வீணாக்க வேண்டும்? அதற்கு எதிராக வாதாட அவளிடம் வாசகம் இருக்கவில்லை. இருந்ததை எல்லாம் முன்பே எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாயிற்று.

மறுநாள் அவள் வாக்குக் காப்பகத்துக்குப் போனாள். உதவிக் காப்பாளர் முகில்வண்ணன் எழுந்து நின்று வரவேற்றான். முப்பது வயதுகூட இருக்காது, மரியாதையான பையன். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்க வழக்கு எங்களுக்குப் பாடம் மேடம். உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"டீ கெடக்கட்டும் தம்பி. என் வாக்கத் திருத்தணும். ஆஸ்பத்திரிய மூடச் சொல்லி நான் சொல்லல. என் வீட்டுக்காரரும் சொல்லல. எங்க வட்டத்துல ஒருத்தரும் சொல்லல."

"சொல்லியிருக்கீங்களே மேடம்," என்று அவன் ஒரு காதுக்கருவியை நீட்டினான். "உங்க பேச்சு உங்களுக்கு மட்டும்தான் கேக்கும். நான் கேக்க முடியாது, கேக்கவும் கூடாது."

அவள் மாட்டிக்கொண்டாள். அவளுடைய குரல்தான். 'அந்த எழவு ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் போணுமா?' 'மனுசன் போவானா அங்க? ஃபேனும் ஓடல, நாற்காலியும் ஆடுது.' 'இத இழுத்து மூடிட்டுப் போனாத்தான் என்ன?' கடைசியாகக் கேட்டது, சிகிச்சையின் நடுவில் மின்சாரம் போன அன்று சொன்னது. மாற்று மின்கலம் ஓடத் தொடங்கும்வரை அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு செத்துப் பிழைத்தாள். பயத்தில் வந்த வார்த்தை அது. அந்தப் பயத்துக்குள் அந்த இடத்தின்மேல் எத்தனை பிரியம் இருந்தது என்று புளியங்கொட்டைக்கு எப்படித் தெரியும்?

"எங்க பக்கத்துல எதையும் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டோம் தம்பி," என்றாள். "கண்ணு பட்டுரும். பிள்ள கொழுகொழுன்னு இருந்தா, சவலைப் பிள்ளன்னுதான் சொல்லுவோம். எப்படி இருக்கியன்னு கேட்டா, ஏதோ கெடக்கேன்னுதான் பதில் வரும். நாலாம் நம்பர் தங்கபாண்டி ஒரு நா 'மெஷின் அருமையா ஓடுது'ன்னுட்டாரு. மறுநா அவருக்குக் காச்சல் கண்டு ஐ.சி.யூவுக்குப் போனாரு. அன்னையிலேருந்து அங்க ஒருத்தரும் வாயத் தெறந்து நல்ல வார்த்த சொன்னது கெடையாது. ஸ்டெல்லாவ நாங்க கூப்புடுததே மூதின்னுதான். அந்தப் புள்ள லீவு போட்டா எங்களுக்குச் சோறு எறங்காது."

முகில்வண்ணன் கவனமாகக் கேட்டான். "புரியுது மேடம். வட்டார வழக்கத்துக்குத் தகுந்த மாதிரி எடையை மாத்தலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. ஆனா குடிமகன் சொன்னதுக்கு அதிகாரி பொருள் சொல்லக் கூடாதுன்னு தீர்ப்பு இருக்கே. சொன்னதைச் சொன்னபடி எண்ணணும்."

அதுவும் அவளுடைய வாதம்தான்.

"சரி, இப்ப சொல்லுதேன். அந்தப் பிரிவு தெறந்திருக்கணும். எண்ணிக்கிடுங்க."

"இதுக்கு எடை கிடையாது மேடம். வாக்குன்னு தெரிஞ்சு சொல்றீங்க."

"ஒரு தாளைக் குடுங்க. எழுதிக் கையெழுத்துப் போடுதேன்."

"எழுதுறதும் தெரிஞ்சு செய்யறதுதானே?"

"அப்ப என் வாக்குமேல எனக்கே உரிமை இல்லையா?"

"முழு உரிமை இருக்கு!" பையனுக்கு நிஜமாகவே மனம் நொந்துவிட்டது. "அதைக் காப்பாத்தத்தானே நாங்க இருக்கோம்? கட்சிக்காரங்ககிட்ட இருந்து காப்பாத்துறோம், பணக்காரங்ககிட்ட இருந்து காப்பாத்துறோம். தேவைப்பட்டா உங்ககிட்ட இருந்தும் காப்பாத்துறோம்." அவன் பின்னால் சுவரில் 'எந்தக் கையும், அது யாருடைய கையானாலும்' என்று தொடங்கும் வரி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எழுத்து அழகாக இருந்தது. அவள் எழுந்துகொண்டாள்.

அந்த வாரம் ஏழாம் வட்டத்தில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, "ஆஸ்பத்திரி எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?" என்று ஒருத்தி கேட்பாள். "ஆமா, ரொம்ப நல்லா இருக்கு," என்று இன்னொருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வாள். தங்கபாண்டி தூக்கத்தில் உளறினால் எண்ணுவார்களா என்று கேட்டு, இரண்டு நாள் மத்தியானமும் தூங்கிப் பார்த்தார். செல்லக்கனி சாமி கும்பிடுவதுபோலப் பாவனை செய்து நர்ஸைப் புகழ்ந்தாள். நிலவரம் எண்பத்தொன்றிலிருந்து அசையவில்லை. மறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஒன்றை மறக்க முடியுமா?

வெள்ளிக்கிழமை ஆவுடைச்செல்வி நீதிமன்றத்திலிருந்து வரும்போது தெருமுனையில் ஒரு சாவு வீடு. இறந்தவர் ஓய்வுபெற்ற துறைமுகக் காவலர். இருந்தவரை அவரைப் பற்றி நல்லதாக ஒரு சொல் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது பந்தலடியில் அவரோடு வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரி, "உம்மைப் போல நல்ல மனுசன் உண்டா எங்க தெருவுல?" என்று மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். அது நடிப்பு இல்லை. கண்ணீர் தாரையாக வழிந்தது. போனபிறகு கண் பட என்ன இருக்கிறது?

ஆவுடைச்செல்வி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. அதைவிட மோசமான வழி வேறு இருக்க முடியாது என்பதும் தெரிந்தது.

செல்லக்கனி வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே சொன்னாள். "கனி, எல்லாம் முடிஞ்சு போச்சு. காப்பகத்துல விசாரிச்சிட்டு வாரேன். கணக்க முன்கூட்டியே மூடிட்டாங்க. ஆஸ்பத்திரி நம்மள விட்டுப் போச்சு. இனி அந்தச் செவியக் கேட்டுக் கேட்டு மனச நோவடிக்காதிய."

வக்கீல் சொன்னால் மறு பேச்சு உண்டா? செல்லக்கனியின் வாய்க்கு அரை மணி நேரம் போதும், வட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். சாயங்காலம் டயாலிசிஸ் பிரிவின் முன்னால் கூட்டம் கூடியது. துக்கம் கேட்க வந்தவர்கள் போலச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். "எம் புருசன் உசுரக் கையில ஏந்தி வச்சிருந்தியே எந் தாயே!" என்று செல்லக்கனி ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஸ்டெல்லா ஒவ்வோர் இயந்திரமாகத் தடவிக்கொடுத்து, "ஒரு நாளு என்னைய ஏமாத்தலியே இதுவ," என்றாள். ஆடும் நாற்காலியைக்கூட ஆள் ஆளுக்குப் புகழ்ந்தார்கள். நல்ல வார்த்தை எல்லாம் அத்தனை வருடம் எங்கே அடைந்து கிடந்ததோ!

ஆவுடைச்செல்வி சுவரோரம் நின்று கேட்டாள். தனக்கு மட்டும் அழுகை வரவில்லை என்பதைக் கவனித்தாள். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

வீட்டில் நடந்ததுதான் அவள் எதிர்பார்க்காதது. பிரமநாயகம் சத்தம் போடவில்லை. சனிக்கிழமை காலையில் தன் ஸ்பேனர் செட்டை எண்ணெய் போட்டுத் துடைத்து, பணிமனைக்கு எடுத்துப் போய்ப் பழைய சகாக்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். சட்டைகளைத் தேய்த்து அடுக்கிவைத்தார். மத்தியானம் அவள் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்தபோது கூடத்தில் உட்கார்ந்து ஓர் இளநீரைத் தூக்கி வாயில் வைக்கப்போனார்.

சிறுநீரகம் போனவர்களுக்கு இளநீர் விஷம். அதிலுள்ள பொட்டாசிய உப்பு இரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். அவர் அதைத் தொட்டு ஆறு வருடம் ஆகிறது. ஆவுடைச்செல்வி ஓடிப்போய்த் தட்டிவிட்டாள். இளநீர் உருண்டு தரையெல்லாம் ஆயிற்று.

"செத்துருவிய! என்ன காரியம் செய்யுதிய?"

"எப்படியும் சாவத்தானட்டி போறேன்," என்றார் அவர், கோபமே இல்லாமல். "மூணு மணி நேரம் பஸ்ஸுல போயிட்டு வாற தெம்பு எனக்குக் கெடையாது. உனக்கும் தெரியும். ஒரு வாய் இளநி குடிச்சுட்டுப் போறேனே."

அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. பொய்ங்க, நான் சொன்னது பொய், கணக்கு இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. சொன்னால் அவர் முகம் மலரும். அந்த நிமிடமே அவர் பேச்சு எடையற்றுப் போகும். அவர் சந்தோஷத்தில் நாலு பேரிடம் சொல்வார். அவர்கள் பேச்சும் போகும். அவள் தன் வாயைத் தன் கையாலேயே இறுகப் பொத்திக்கொண்டாள். அவர் அதை அழுகை என்று நினைத்துக்கொண்டார்.

"அழாதட்டி," என்றார். "அந்த மூணாம் நம்பர் மெஷின் எனக்கு ஆறு வருசம் குடுத்துச்சு. பெத்த தாயி ஒரு தடவதான் உசுரு குடுப்பா. அது வாரத்துக்கு மூணு தடவ குடுத்துச்சு. வேற என்ன வேணும் மனுசனுக்கு?"

அவர் காதுக்குப் பின்னால் இருந்த செவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் தரையைத் துடைத்தாள். அன்றும் மறுநாளும் அவரை விட்டு அவள் அகலவில்லை.

ஞாயிறு மாலை சுவர்த்திரையில் முடிவு வந்தது. டயாலிசிஸ் பிரிவு தொடரட்டும் என்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. தெருவில் வெடி வெடித்தார்கள். கணக்கை மூடியபிறகும் நம் அழுகையைக் கேட்டுச் செவி மனம் இரங்கிவிட்டது என்று ஊர் நம்பியது. பிரமநாயகம் வாசலில் நின்று பெரிதாகச் சிரித்தார். ஸ்பேனர் செட்டைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு, ஒரு வாரம் பணிமனைப் பக்கமே போகாமல் இருந்தார். திங்கட்கிழமை டயாலிசிஸ் பிரிவில், "இந்த எழவு ஃபேன இன்னும் மாத்தலியா?" என்று பழைய வசவு ஆரம்பித்தது. அதைக் கேட்க ஆவுடைச்செல்விக்குத் தேன்போல இருந்தது. அவளுடைய வாக்கு மட்டும் மூடலாம் என்றே நின்றுவிட்டிருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

அந்த வாரமே முகில்வண்ணன் அவள் அலுவலகத்துக்கு வந்தான். கையில் பழக்கூடை.

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு கண்டுபிடிச்சுட்டோம் மேடம். உங்க செவி மட்டும் பொய் சொன்ன நாடியைக் காட்டுச்சு."

"வழக்குப் போடுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"வழக்கா? நன்றி சொல்ல வந்திருக்கேன்! இத்தனை வருஷமா எங்களுக்கு இருந்த பெரிய சிக்கலே இதுதான். வாக்கெடுப்புன்னு அறிவிச்சா ஜனங்க ஒப்பிக்க ஆரம்பிச்சுடுறாங்க. அறிவிக்காம விட்டா அந்த விஷயத்தைப் பத்தியே பேச மாட்டாங்க. முடிஞ்சுபோச்சுன்னு சொன்னா போதும், மனசுல இருக்கறதெல்லாம் வெளிய வருதுன்னு நீங்க காட்டிட்டீங்க. இனிமே மாநிலம் முழுக்க அதுதான் முறை. எந்த வாக்கெடுப்புக்கும் முன்னறிவிப்பு கிடையாது. முடிவு வந்துடுச்சுன்னு மட்டும் செய்தி போடுவோம். அதுக்கப்புறம் ஒரு வாரம் ஜனங்க பேசறதை வச்சுத்தான் நிஜ முடிவு. ஆவுடை நெறின்னு பேர் வச்சிருக்காங்க."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது பொய் தம்பி. ஜனங்ககிட்ட அரசாங்கம் பொய் சொல்லுதது."

"நீங்க சொன்னதும் பொய்தான் மேடம். ஆனா வந்த வாக்கு மெய்."

"நான் ஊர்ல போய்ச் சொல்லுவேன். எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"தாராளமா சொல்லலாம். பேச்சுரிமை இருக்கு, யாரும் தடுக்க மாட்டோம்." அவன் குரலைத் தாழ்த்தினான், வருத்தமாகவே சொன்னான். "ஆனா இந்த முறையைத் தெரிஞ்சவங்க எந்தச் செய்தியைக் கேட்டாலும் வாக்கை நினைச்சுக்கிட்டுத்தான் பேசுவாங்க. அவங்க பேச்சுக்கு ஆயுசு முழுக்க எடை கிடையாது. நீங்க யார்கிட்ட சொல்றீங்களோ, அவங்க பேரை நீங்களே பட்டியல்ல இருந்து அடிச்ச மாதிரி. உங்களோடது போயாச்சு. மன்னிக்கணும்."

அவன் போனபிறகு பழக்கூடையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். விரல் தேய்ந்த மனிதர்கள் ஒவ்வொருவராக அவள் நினைவுக்கு வந்தார்கள். ஒரு பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்க்க எத்தனை படி ஏறியிருப்பாள்! இப்போது உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் அத்தனை பெயரும் போகும். அவள் யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு செய்திகள் வந்தபடி இருந்தன. பாலம் இடிக்கப்படுகிறது என்று வந்தது, ஊர் அழுதது, பிறகு இல்லை என்றார்கள். கடற்கரை விற்கப்பட்டது என்று வந்தது. அது நிஜமாகவே விற்கப்பட்டுவிட்டிருந்தது. எது நடந்தது, எது கேட்கப்படுகிறது என்று ஆவுடைச்செல்விக்கும் தெரியாது. சந்தேகப்பட மட்டும் அவளுக்குத் தெரியும். ஊருக்கு அதுவும் தெரியாது. பிரமநாயகம் ஒவ்வொரு தடவையும், "அப்படியா? சவம் போவுது," என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு புதன்கிழமை காலை டயாலிசிஸ் பிரிவில் பத்து நாற்காலிகளும் நிறைந்திருந்தன. பிரமநாயகத்தின் கையில் ஸ்டெல்லா அப்போதுதான் ஊசியைப் பொருத்தியிருந்தாள். சுவர்த்திரை ஒளிர்ந்தது. வாக்குச்செவியை ஒழித்துவிட்டு, பழையபடி சாவடிக்குப் போய் வாக்களிக்கும் முறையைக் கொண்டுவரக் கோரிய தீர்மானம் வெற்றி பெற்றது. செவிகள் அனைத்தும் மாத இறுதியில் அகற்றப்படும்.

ஆவுடைச்செல்வி எழுந்து நின்றுவிட்டாள். எத்தனையோ நாள் கழித்து நெஞ்சு லேசானது. சாவடி, வரிசை, விரலில் மை, தடுப்புக்குப் பின்னால் ஒரு நிமிடத் தனிமை. தெரிந்தே, நினைத்தே, இதுதான் என் முடிவு என்று சொல்லும் அந்த ஒரு நிமிடம். அவளுக்குக் கண் கலங்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முடிந்துவிட்டது என்றல்லவா செய்தி சொல்கிறது? நிஜக் கணக்கு இனிமேல்தானோ?

"போகுதா அது?" என்றார் பிரமநாயகம். காதுக்குப் பின்னால் கையை வைத்து, போகப்போகிற குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினார். குரல் தழுதழுத்தது. "நல்ல சவம்ட்டி அது. நாம அழுதத அது ஒண்ணுதான காது குடுத்துக் கேட்டுச்சு? அது மட்டும் இல்லன்னா நா இன்னைக்கு..."

உண்மையைச் சொன்னால் அவர் பேச்சு இப்போதும் எண்ணப்படாது, இனி எப்போதும் எண்ணப்படாது. நாளைக்கு இந்த மூன்றாம் நம்பர் இயந்திரத்தின் கணக்கு மறுபடி வந்தால், அவரும் இந்த அறையில் இருக்கும் யாரும் அதற்காக ஒரு சொல் சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டால் அவர் பேசி முடித்துவிடுவார்; அது செவி இருக்கட்டும் என்ற வாக்காகிவிடும். ஆவுடைச்செல்வி ஒரே எட்டில் போய்த் தன் உள்ளங்கையால் கணவரின் வாயைப் பொத்தினாள்.

அவர் திகைத்து அவளைப் பார்த்தார். அவள் விரல்களுக்கு அடியில் அவர் உதடுகள் இன்னும் அசைந்தன. ஸ்டெல்லா, "என்னக்கா செய்யுதிய? விடுங்க!" என்று ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி சொல்லுதது நெசம்தான்," என்று நான்காம் நாற்காலியில் தங்கபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "அதப்போல ஒண்ணு இனி வருமா நமக்கு?" ஐந்தாம் நாற்காலியிலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. செல்லக்கனி தலைமுடியை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

ஆவுடைச்செல்வி காலியாக இருந்த தன் இன்னொரு கையைப் பார்த்தாள். அறையில் பத்து நாற்காலிகள் இருந்தன.